மதினியை யாரும் கேட்கவில்லை

மடத்து வாசலில் குடையை மடக்கிச் சாரலை உதறிக்கொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை எனக்கு வந்தது. யோசனை என்றுகூடச் சொல்ல முடியாது; ஒரு கேள்விதான். அது வந்த வேகத்தில் குடையை மறுபடி விரிக்க மறந்து, நனைந்துகொண்டே தெருவில் பாதி தூரம் நடந்துவிட்டேன்.

பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டுத் தென்காசித் தெருக்களில் வந்துகொண்டிருந்தவள், காற்றும் மழையும் சேர்ந்து அடித்ததால் மடத்து இறவாரத்தில் ஒதுங்கியிருந்தேன். உள்ளே எங்கள் தெருப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் மடத்துக்குள் ஏறுவது வழக்கமில்லை. ஆனால் இறவாரத்தில் நிற்பவளுக்குக் காதை மூடிக்கொள்ளும் வழக்கமும் இல்லை. ஒரு பெரியவர் சொன்னார்:

"இதுக்குப் போயி எதுக்குக் கெடந்து யோசிக்கீக? நம்ம அண்ணாச்சி வீட்டையே பாருங்களேன். அன்னைக்கும் இப்படித்தானே ஆச்சு. முடிச்சு வச்சோம். இன்னைக்கு மதினி மாதிரி குடும்பம் நடத்துத பொம்பள இந்தத் தெருவுல வேற யாரு இருக்கா?"

மதினியின் புருஷனான அந்த அண்ணாச்சியும் அங்கேதான் இருந்தார். வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு, பெருமையும் கூச்சமும் கலந்த குரலில், வேண்டுமானால் என் வீட்டுக்காரியையே அனுப்புகிறேன், அவள் இரண்டு வார்த்தை சொன்னால் அந்தப் பிள்ளை கேட்டுக்கொள்ளும் என்றார். எல்லோரும் நல்லது என்றார்கள்.

நான் பிறந்து வளர்ந்த தெரு இது. மதினியை உதாரணம் காட்டாமல் இந்தத் தெருவில் எந்தப் பஞ்சாயத்தும் முடிந்ததில்லை. ‘அவ இப்ப நல்லாத்தானே இருக்கா’ என்ற பேச்சைச் சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் தோன்றியது: நல்லா இருக்கியா என்று அவளை யாராவது கேட்டிருக்கிறார்களா?

என்ன விஷயம் என்று சொல்லிவிடுகிறேன்.

எட்டாம் வகுப்பு முடித்துவிட்டு வீட்டில் இருந்த ஒரு பெண், வாத்தியார் டிரெயினிங் பள்ளிக்கூடத்தில் சேருவதற்காக என்னிடம் கணக்குப் படிக்க வருவாள். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் இளையவள். பகலில் எங்கள் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வாள். எங்கள் தெருவிலேயே பிறந்த அவளுடைய அப்பாவுக்குக் குற்றாலம் போகிற வழியில் ஒரு மாந்தோப்பில் காவல் வேலை. குடியிருப்பும் அங்கேயே, தோப்புக்காரர் கொடுத்த ஒரு சின்ன வீடு. வைகாசிக் கடைசியில் ஒரு மத்தியானம், தோப்பின் மறுகோடியில் இருந்த அப்பாவுக்குச் சோறு கொண்டு போனவளைத் தோப்புக்காரரின் மகன் பலவந்தம் செய்துவிட்டான். இதைவிடச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. தெரு இதை ‘அந்தச் சங்கதி’ என்கிறது, ‘போறாத நேரம்’ என்கிறது, ‘அவ அன்னைக்கு அங்கன போயிருக்கக் கூடாது’ என்கிறது.

போலீசுக்குப் போனால் கோர்ட்டில் நாலு பேர் முன்னால் நிறுத்திக் கேட்பார்கள், ஊர் சிரிக்கும் என்றார்கள். அதனால் தெருப் பெரியவர்களே கூடி ஒரு முடிவு செய்தார்கள். கெடுத்தவனே கட்டிக்கொள்ள வேண்டும். ஆடி கழிந்து ஆவணி பிறந்ததும் முதல் முகூர்த்தத்தில் தாலி. தோப்புக்காரருக்கு முதலில் மனமில்லையாம். பெரியவர்கள் மல்லுக்கட்டிச் சம்மதிக்க வைத்தார்களாம். அதைச் சாதனையாகவே பேசிக்கொண்டார்கள். அவர்களைக் கெட்டவர்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஒரு பெண்ணைக் கரையேற்றிவிட்டதாக மனதார நம்பினார்கள். பெண்கள்கூட, ‘சவம், தோப்பும் தொரவுமால்லா கிடைக்கு அவளுக்கு’ என்று குழாயடியில் சொன்னதை என் காதாலேயே கேட்டேன்.

நான் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். வருகிற பெண்களெல்லாம் அவள் முதுகைப் பார்த்தே ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள். பள்ளிக்கூடத்திலிருந்தும் ஆள் வந்து, கொஞ்ச நாளைக்கு வரவேண்டாம், பிள்ளைகள் ஏதாவது கேட்கும் என்று பக்குவமாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் மெதுவாகச் சொன்னாள்:

"அவன் என்ன செஞ்சான்னு ஒருத்தரும் கேக்கல டீச்சர். நான் எதுக்குப் போனேன்னுதான் எல்லாரும் கேக்காக."

நானும் வாய் ஓயாமல் பேசினேன். படிப்பு, வேலை, நாட்டுக்கே சுதந்திரம் வரப்போகிறது என்றெல்லாம். பரீட்சைக்குப் படித்ததை ஒப்பிப்பதுபோல ஒரு மூச்சில் கொட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள், "மதினியும் இப்படித்தானே கட்டிக்கிட்டாக. அவுக நல்லாத்தானே இருக்காக" என்றாள். அவளை ஆவணி முகூர்த்தத்துக்கு இழுத்துக்கொண்டு போனது தோப்புக்காரரின் பணமோ பெரியவர்களின் அதட்டலோ இல்லை, மதினியின் வாழ்க்கை.

அதனால்தான் மடத்து வாசலிலிருந்து நேராக மதினி வீட்டுக்கு நடந்தேன்.

தெருவுக்கே மதினியான அவளுக்கு நாற்பது வயது இருக்கும். வாசலில் விடிவதற்குள் கோலம் விழுந்திருக்கும். வெண்கலப் பாத்திரங்கள் முகம் தெரிகிற மாதிரி துலக்கியிருக்கும். ஒரே மகன் பட்டாளத்தில் சேர்ந்து எங்கேயோ வடக்கில் இருக்கிறான். கல்யாணம் என்றால் முதல் குலவை அவளுடையது. சீமந்தம் என்றால் முதல் வளையல் அவள் கையால்தான். அதிர்ந்து பேசிக் கேட்டவர்கள் கிடையாது. அவளைப் பற்றித் தெருவில் ஒரே ஒரு கேலிதான் உண்டு: மதினி வீட்டுப் பூனை. பொழுது சாய்ந்தால் அடுப்பங்கரைக்குள் போய் உள்ளேயிருந்து கொண்டியைப் போட்டுவிடுவாள். கேட்டால், பாலைப் பூனை குடித்துவிடும் என்பாள். படுப்பதும் அங்கேயே. அந்தப் பூனையை இதுவரை ஒருவரும் கண்டதில்லை. என்ன நிறம் மதினி, கறுப்பா வெள்ளையா என்று சீண்டுவோம். அவளும் சிரித்துக்கொண்டே, நேரத்துக்கு ஒரு நிறம் என்பாள். அவள் தனியே படுப்பது ஏதோ விரதம் என்று பெரிய பெண்கள் கையெடுத்துக் கும்பிடவும் செய்தார்கள்.

நான் போனபோது அரிவாள்மணையில் உட்கார்ந்து புடலங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நனைந்து வந்திருக்கிறேன் என்று துண்டு எடுத்துத் தந்தாள். நான் தலையைக்கூடத் துவட்டவில்லை. கேட்டுவிட்டேன்.

"மதினி, நீங்க நல்லா இருக்கீகளா?"

காய் நறுக்குவது நிற்கவில்லை. ஊர்க்காரர்கள் வழக்கமாகக் கேட்கிற கேள்விதானே, இருக்கேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் நான் எதைக் கேட்கிறேன் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்று இன்றைக்கும் எனக்கு வியப்புதான். முழுப் புடலங்காயையும் நறுக்கி முடித்தாள். பிறகு வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

"ஏட்டி, உனக்காவது கேக்கணும்னு தோணிச்சே" என்றாள். "வீட்டுக்குள்ள வச்சுச் சொல்லுத காரியமில்ல. அந்தப் பிள்ளைய அருவிக்குக் கூட்டிட்டுப் போவச் சொல்லிருக்காக. நீயும் வா."

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. இப்படி முடித்துவைக்கிற கல்யாணங்களுக்கு முன்னால் பெண்ணைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போய் அருவியில் நிறுத்துவார்கள். கட்டியிருக்கிற சேலையைத் தண்ணீரோடு விட்டுவிட்டு, மாப்பிள்ளை வீட்டார் கொடுத்த புதுச்சேலையை உடுத்திக்கொண்டு வரவேண்டும். வந்தது தொலைந்தது என்று அர்த்தமாம். புத்தி பேதலித்தவர்களை அருவிக்கு அடியில் பிடித்து நிறுத்துவார்களே, அதே மாதிரிதான். யாரோ செய்த காரியத்துக்கு இவளைக் கழுவுகிறார்கள். கூட்டிப்போகிறவள், தாலி பாக்கியத்தோடு நன்றாக வாழ்கிற ஒருத்தியாக இருக்க வேண்டும். அவள் அருவிக்கரையில் வைத்துப் பெண்ணுக்குப் புத்தி சொல்லுவாள். மதினியைவிடப் பொருத்தமானவள் யார்? நெடுங்காலமாகத் தான் சொல்லிவந்த கதையைத் தெரு அவ்வளவு முழுசாக நம்பியிருந்தது. அதனால்தான் அவளையே தேர்ந்தெடுத்து அனுப்பியது.

யுத்த காலம் என்பதால் பெட்ரோல் கிடையாது. பின்னால் கரி அடுப்பைக் கட்டித் தூக்கிக்கொண்டு ஓடுகிற பஸ். கண்டக்டர் கீழே இறங்கி உலையைச் சுழற்றிச் சுழற்றி ஊதினால்தான் மேட்டில் ஏறும். மதினி, அந்தப் பெண், அவளுடைய அம்மா, நான், நாலு பேரும் அதில் போனோம். அம்மா மடியில் புதுச்சேலைப் பொட்டலம். நான்கூட வாயைத் திறக்காமல் வந்தேன் என்றால் என்னைத் தெரிந்தவர்கள் நம்ப மாட்டார்கள்.

பேரருவியில் அன்றைக்குத் தண்ணீர் வெள்ளைச் சுவர் மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. சாரல் பாதையிலேயே வந்து முகத்தில் அடித்தது. எண்ணெய் தேய்த்துக்கொண்டவர்கள், பிள்ளைகளை இடுப்பில் இடுக்கியவர்கள் என்று பெண்கள் பக்கம் நல்ல கூட்டம். அம்மா பாறையில் துணிகளோடு உட்கார்ந்துகொண்டாள். மதினி அந்தப் பெண்ணை ஒரு கையால் பிடித்தாள், மறு கையால் என்னைப் பிடித்தாள். மூன்று பேரும் தண்ணீருக்குள் போய்ப் பாறையோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றோம்.

அங்கே நின்றவர்களுக்குத்தான் தெரியும், அருவிக்குள் சத்தம் என்பது காதால் கேட்கிற விஷயமே இல்லை. நெஞ்சுக்கூட்டில் போய் அடிக்கும். பக்கத்தில் இருப்பவள் கத்தினாலும் வாய் அசைவதுதான் தெரியும். மதினி எங்கள் இரண்டு பேர் தலையையும் தன் முகத்தோடு சேர்த்து இழுத்துக்கொண்டாள். உதடு காதில் படுகிற மாதிரி வைத்துக்கொண்டு உரக்கப் பேசினாள். அந்தக் குரலை அவளிடமிருந்து நான் கேட்டதே இல்லை. அது இத்தனை நாள் எங்கே இருந்தது?

"தெருவுல சொல்லச் சொன்னதை முதல்ல சொல்லிருதேன். கட்டிக்கோ, எல்லாம் சரியாப் போவும். சொல்லிட்டேன். இனி நான் சொல்லுதேன், கேளு. சரியாப் போவல."

அந்தப் பெண் தலையைத் தூக்கப் பார்த்தாள். மதினி விடவில்லை.

"தாலி கட்டுனதும் நடந்தது நடக்காததுன்னு ஆயிருச்சு. ஊருக்கு ஆயிருச்சு, எனக்கு ஆவல. முன்னால ஒரு நாள் நடந்தது. பொறவு நடந்ததுக்கெல்லாம் குடும்பம்னு பேரு வச்சுட்டாக. பூனை ஏதுட்டி எங்க வீட்ல? உள்ள கொண்டி போட ஒரு காரணம் வேணும்லா."

தண்ணீர் எங்கள் தலையில் அறைந்துகொண்டே இருந்தது. மதினி மூச்சு வாங்கிக்கொள்ளுவாள், பிறகு சொல்லுவாள். மகன் பிறந்தபோது அவன் முகத்தை அவளால் பார்க்க முடியவில்லையாம். அப்படியே அப்பா ஜாடை. கண்ணை மூடிக்கொண்டே பால் கொடுத்தாளாம். அவன் தவழ்ந்து வந்து அவளுடைய முந்தானையைப் பிடித்து எழுந்து நின்ற அன்றைக்குத்தான், இவன் வேறே ஆள் என்று மனதுக்குப் பட்டதாம். அதுவரைக்கும் அந்தக் குழந்தைக்குத் தான் செய்தது பாவம் என்று இன்றைக்கும் நினைக்கிறாளாம். அவளுக்கும் அது நடந்தது ஒரு மாம்பழக் காலத்தில்தானாம், இன்றைக்கும் மாம்பழத்தை வீட்டுக்குள் சேர்ப்பதில்லையாம். யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் அந்த நாளே திரும்பி வந்த மாதிரி ஆகிவிடுமாம். அதை மறைக்கத்தான் எப்போதும் ஏதாவது வேலை செய்துகொண்டிருப்பாளாம். வெண்கலப் பாத்திரங்கள் அப்படி மின்னியதன் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"அவரு கெட்டவருன்னு நான் சொல்ல வரல. கை நீட்டுனது கிடையாது. ஆனா அவருக்கு அது மறந்தே போச்சு. ஒரு நாள் மனசு கேக்காம, அன்னைக்கு எதுக்கு அப்படிச் செஞ்சீகன்னு கேட்டுட்டேன். எதைச் சொல்லுதன்னு கேட்டாரு. நெசமாவே ஞாபகம் இல்ல. அவரு மறந்துட்டாரு, தெரு மறந்துருச்சு. நான் ஒருத்திதான் அதை வச்சுக்கிட்டு இருந்தேன்."

நான் அழுதேன் என்று நினைக்கிறேன். அருவிக்குள் அழுதால் அழுகிறவளுக்கே தெரியாது. ஆனால் துக்கத்தைவிடப் பெரிதாக இன்னொன்று என்னைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஒரு மனுஷி இவ்வளவையும் சுமந்துகொண்டு தெருவில் இருக்கிற அத்தனை பிள்ளைகளுக்கும் காப்புக் கட்டியிருக்கிறாள், பிரசவத்துக்கு வெந்நீர் வைத்திருக்கிறாள், எங்கள் கேலிக்குச் சிரித்திருக்கிறாள். மலையிலிருந்து விழுகிற தண்ணீரைப் பார்க்கச் சீமையிலிருந்தெல்லாம் வந்து வாய் பிளந்து நிற்கிறார்கள். நான் அன்றைக்கு அதற்குள்ளேயே நின்றுகொண்டு வேறொன்றைப் பார்த்து வாய் பிளந்து நின்றேன்.

அதற்குப் பிறகு மதினி செய்ததுதான் என்னை இன்னும் அசரவைத்தது. கட்டிக்காதே என்று சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன். நானாக இருந்தால் அப்படித்தான் கத்தியிருப்பேன். அவள் சொல்லவில்லை.

"வேண்டாம்னும் நான் சொல்ல மாட்டேன். எனக்கு மத்தவுக சொன்னாக. அது மாதிரி உனக்கு நான் சொல்லக் கூடாது. என்னை ஒருத்தரும் கேக்கல. நான் உன்னைக் கேக்கேன். உனக்கு என்ன வேணும்?"

அந்தப் பெண் ஏதோ சொன்னாள். வாய் அசைந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மதினிக்குக் கேட்டிருக்க வேண்டும். அவளைத் தோளோடு சேர்த்து அணைத்துக்கொண்டு வெளியே கூட்டிவந்தாள்.

பாறையில் அம்மா புதுச்சேலையைப் பிரித்துத் தயாராக வைத்திருந்தாள். அரக்குப் பட்டு. மறைவுக்கு மதினி ஒரு துணியை விரித்துப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண் பாவாடை ரவிக்கையோடு நின்று நனைந்த சேலையை அவிழ்த்தாள். அதைத் தண்ணீரில் விடச் சொல்லி அம்மா கையை நீட்டிக் காட்டினாள். அவள் விடவில்லை. சுருட்டி, ஒரு நுனியை என் கையில் கொடுத்து, பிழியச் சொன்னாள். நாங்கள் இரண்டு பேரும் எதிரெதிரே நின்று முறுக்கிப் பிழிந்தோம். அம்மா பதறி எழுந்தாள். ஏளா, என்ன செய்யுத, அதை விட்டுட்டுத்தான் வரணும் என்றாள்.

"இது நீ எனக்கு எடுத்துக் குடுத்த சேலை. இது என்ன செஞ்சுச்சு? நான் இதை விட மாட்டேம்மா. அவனைக் கட்டிக்கவும் மாட்டேன்."

உதறி, அந்த ஈரச் சேலையையே மறுபடி கட்டிக்கொண்டாள். பட்டு பாறையில் கிடந்தது. சாரல் அதன்மேல் பொட்டுப் பொட்டாக விழுந்தது.

அம்மா தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தோப்பை விட்டுப் போகச் சொல்லிவிடுவார்கள், இந்த மழையில் குடியிருக்க எங்கே போவோம் என்று புலம்பினாள். அவள் பயம் பொய்யில்லை. மதினிதான் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வீடு போனால் வீடு பார்த்துக்கொள்ளலாம், என் வீட்டுக்குப் பின்னால் ஒரு சாய்ப்பு அறை சும்மா கிடக்கிறது, அது என் அப்பா எனக்குத் தந்தது, அதில் இருங்கள், யாரும் கேட்க முடியாது என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்க அம்மையும் அன்னைக்கு இதே பாறையிலதான் உக்காந்திருந்தா. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் அவ" என்றாள்.

அம்மா தலையை நிமிர்த்தி மதினியைப் பார்த்தாள். தெருவில் எல்லோரும் காட்டிய அந்த உதாரணத்தை அன்றைக்குத்தான் அவள் முதல்முதலாகப் பார்த்தாள் என்று எனக்குத் தோன்றியது. கடைசியில் எழுந்து, மகளின் தலையைத் துவட்ட ஆரம்பித்தாள். முரட்டுத்தனமாகத்தான் துவட்டினாள். ஆனால் பட்டுச்சேலையை அதன்பிறகு அவள் நீட்டவில்லை. மடித்து, திருப்பிக் கொடுப்பதற்காகப் பொட்டலத்தில் வைத்துக் கட்டிக்கொண்டாள்.

பொழுது சாய்வதற்குள் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. டீச்சர் போய்த்தான் குட்டையைக் குழப்பிவிட்டாள் என்று பேச்சு. படிச்ச திமிர், இன்னும் ஒருத்தனும் கட்டிக்கிட வரல, அதான் அடுத்தவ கல்யாணத்தைக் கெடுக்கா என்றார்கள். ஒரு பெரியவர் எங்கள் வீட்டுக்கே வந்து என் அப்பாவிடம் முறையிட்டார். அப்பா ரயில்வேக்காரர். சட்டையின் பித்தானைப் போட்டுக்கொண்டே, எனக்கு டியூட்டிக்கு நேரமாச்சு, எம்மவ உள்ளதான் இருக்கா, அவளையே கேளுங்க என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். பெரியவர் என்னைக் கேட்கவில்லை. காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்.

எனக்கு மதினியை நினைத்துத்தான் பயமாக இருந்தது. மறுநாள் ஓடிப்போய்ப் பார்த்தேன். அண்ணாச்சி மடத்துக்குக்கூடப் போகாமல் உள்கட்டில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அங்கன என்ன சொன்ன என்று அவர் கேட்டதாகவும், உள்ளதைச் சொன்னேன் என்று தான் பதில் சொன்னதாகவும் மதினி சொன்னாள். பிறகு அவர் கேட்கக் கேட்க எல்லாவற்றையும் சொன்னாளாம். இந்தத் தடவை எதைச் சொல்லுத என்று அவர் கேட்கவில்லையாம்.

"சாப்பிடாம எந்திரிச்சுட்டாரு. எனக்குப் பாவமாத்தான் இருந்துச்சு. ஆனா கூப்பிடல. அவரும் கொஞ்ச நாள் அதை வச்சுக்கிட்டு இருக்கட்டும்."

இதைச் சொல்லிவிட்டு ரசத்துக்குப் புளி கரைக்கப் போய்விட்டாள்.

காரியம் இன்னும் முடியவில்லை. அந்தப் பெண்ணும் அவளுடைய அப்பா அம்மாவும் மதினி வீட்டுச் சாய்ப்புக்கு வந்துவிட்டார்கள். பட்டுச்சேலை தோப்புக்காரர் வீட்டுக்குத் திரும்பப் போய்விட்டது. சாயங்காலம் என்னோடு உட்கார்ந்து அவள் பின்னக் கணக்குப் போடுகிறாள். நடுவில் சில நேரம் பென்சில் நின்றுபோகும், எங்கேயோ பார்ப்பாள். முன்பென்றால் நான் உலுக்கிப் பேச ஆரம்பித்திருப்பேன். இப்போது அவள் திரும்பி வருகிற வரைக்கும் காத்திருக்கிறேன். பாளையங்கோட்டையில் நான் படித்த டிரெயினிங் பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சரைப் பார்த்து ஹாஸ்டலில் இடம் கேட்க வேண்டும். அவர்கள் ‘நடத்தை’ பற்றி எழுதித் தரச் சொல்லுவார்கள். நான் எழுதித் தருவேன். நல்ல நடத்தை என்று எழுதுவதற்கு இவளைவிட யார் இருக்கிறார்கள்?

ஆனால் பெரியவர்கள் விடவில்லை. ஆடி அமாவாசை கழிந்து மடத்தில் மறுபடி கூடப்போகிறார்கள். மதினியின் பேச்சு மறுபக்கம் திரும்பியதும் அவர்கள் வேறே உதாரணம் பிடித்துவிட்டார்கள். இவளுக்கு அப்படி அமைந்துவிட்டது, அதற்காக எல்லோருக்கும் அப்படியா, சுரண்டையில் ஒருத்தி இருக்கிறாளே, இதே மாதிரி முடித்துவைத்ததுதானே, கடையும் கண்ணியுமாகப் புருஷனும் பெண்டாட்டியும் எப்படி இருக்கிறார்கள் என்கிறார்கள். அதைக் கேட்ட அந்தப் பெண்ணின் அப்பாவுக்கு மறுபடி மனது ஆடுகிறது. சாய்ப்புக்கு வந்த இரண்டாம் நாளே, தோப்புக்காரரிடம் ஒரு தடவை பேசிப் பார்க்கலாமா என்று கேட்டுவிட்டார்.

மதினியிடம் இதைச் சொன்னேன். பெரியவர்கள் கூடும்போது மடத்துக்குள் தானே ஏறிவந்து தன் கதையைச் சொல்லுகிறேன் என்று ஏற்கனவே சொல்லியிருந்தவள், கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப சுரண்டைக்காரிய முதல்ல போய்ப் பாத்துருவோம்" என்றாள். அவள் நிஜமாகவே நன்றாக இருந்தால் அதையும் மடத்தில் வந்து சொல்லத்தான் வேண்டும் என்றாள். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அவள் சொன்னதுதான் சரி.

நாளைக் காலைப் பஸ்ஸில் போகிறோம், மதினியும் நானும் அந்தப் பெண்ணும். சுரண்டையில் நாளைக்குச் சந்தை. புருஷன்காரன் சரக்கு எடுக்க வெளியே போவான், அவள் கடையில் தனியாக இருப்பாள் என்று மதினி விசாரித்து வைத்திருக்கிறாள். முதலில் ஏதாவது சாமான் வாங்க வேண்டும், உட்காரச் சொன்னால் உட்கார வேண்டும், அவசரப்படக் கூடாது, நான் வாயைத் திறக்கவே கூடாது. நல்லா இருக்கீகளா என்று மதினி கேட்பாள். அந்த அம்மாள் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டால் சாமானை வாங்கிக்கொண்டு பேசாமல் வந்துவிட்டு, அடுத்த சந்தைக்கு மறுபடி போவோம். பேசினால், எவ்வளவு நேரம் ஆனாலும் பேசவிட்டு, கடைசிப் பஸ் போனாலும் போகட்டும் என்று உட்கார்ந்து கேட்கப்போகிறோம்.